தட்டின் மேல் தண்ணீர்

ஜூன் 4, செவ்வாய்

இந்த டைரியில் எழுதச் சொன்னது பேச்சு டீச்சர். நானாக எழுதவில்லை.

வீட்டுக்காரருக்கு வாதம் வந்து இன்றோடு ஐந்து வாரம். மதுரை ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வந்தோம். வலது கையும் காலும் கொஞ்சம் திரும்பிவிட்டன. ஒரு ஆள் பிடித்துக்கொண்டால் கம்பு ஊன்றி நடக்கிறார். பேச்சுதான் திரும்பவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம் இருக்கிறது. போதும். பசிக்கிறதா என்றால் போதும். ஃபேன் போடவா என்றால் போதும். மகன் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்து அப்பா என்று கூப்பிட்டால் அதற்கும் போதும்.

டீச்சர் பெயர் பர்வீன். ராஜபாளையத்துப் பெண். செவ்வாய்க்கிழமைதோறும் வீட்டுக்கே வந்து ஒரு மணி நேரம் பயிற்சி கொடுக்கிறாள். "தாத்தா என்னென்ன வார்த்தை சொல்றாரு, எப்பச் சொல்றாருன்னு தினமும் யாராவது குறிச்சு வைங்க" என்றாள். மருமகள் ராஜசெல்வி உடனே பேனாவை எடுத்தாள். "ஏன், எனக்குக் கையில்லையா?" என்று வாங்கிக்கொண்டேன். அவள் பி.காம். படித்தவள்தான். ஆனால் எழுத்து, கோழி குப்பையைக் கிளறினது மாதிரி இருக்கும். நான் ஐந்தாவது. என் சிலேட்டை எங்கள் சார் தூக்கி வகுப்பு முழுக்கக் காட்டுவார். ஆறாவதுக்குப் பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். படிப்பைத்தான் நிறுத்தினார்கள், எழுத்தை இல்லை.

டைரி இவர் கொண்டுவந்தது. அச்சாபீஸில் கட்டிங் மெஷினில் இருந்தவர். வேலையை விட்ட பிறகும் ஒவ்வொரு வருஷமும் முதலாளி ஒன்று கொடுத்துவிடுவார். இதுவரை ஒரு டைரியிலும் யாரும் எழுதியதில்லை. கரண்டு பில்லைச் செருகி வைப்போம்.

இன்று சொன்ன வார்த்தை: போதும்.

ஜூன் 5, புதன்

போதும். பதினாறு தடவை.

ஜூன் 6, வியாழன்

போதும். எண்ணவில்லை. துணி நிறைய இருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

ரசமும் பருப்பும் வைத்தேன். அவருக்குக் கஞ்சி. கெட்டியாகக் கொடுத்தால் புரையேறுகிறது.

எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்று, "என்ன, இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு வாசனையே இல்ல" என்றாள். 

கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டன் சுக்கா அவர்தான் செய்வார். குழம்பு கிடையாது, குருமா கிடையாது. மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், பூண்டு போட்டு, சட்டியில் ஒட்டாமல் உதிரி உதிரியாக, கறுப்புப் பாய்ந்து வரும்வரை சுருட்டி எடுப்பார். அன்றைக்குக் காலையில் என்னை அடுப்படிக்குள் விட மாட்டார். நான் வாசல்படியில் உட்கார்ந்து தலை காயவைப்பேன். எனக்குச் சுக்கா செய்யத் தெரியாமல் இல்லை. ஆம்பிளை ஆசைப்பட்டுச் செய்கிறார் என்று விட்டுக்கொடுத்திருந்தேன்.

இன்று அவர் வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புச் சட்டி அந்தச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது. சட்டியைப் பார்த்தார் என்று நான் சொல்ல மாட்டேன்.

போதும்.

ஜூன் 11, செவ்வாய்

பர்வீன் வந்தாள். அவருக்கு எதிரில் உட்கார்ந்து என்னைக் காட்டி, "தாத்தா, இவங்க பேர் என்ன?" என்று கேட்டாள்.

"போதும்" என்றார்.

அவள் காகிதத்தில் ஏதோ குறித்தாள். என்ன எழுதுகிறாய் என்றேன். "வீட்டம்மா பேர் சொல்ல வரலைன்னு" என்றாள்.

"அத அடிம்மா முதல்ல. நல்லா இருந்தப்பவே அவர் சொன்னதில்ல. நாப்பத்தேழு வருஷமா 'இந்தா'தான்."

"சரி, அப்ப நீங்க அவர் பேரைச் சொல்லுங்க. உங்க வாயைப் பாத்துச் சொல்லட்டும்."

 செல்விக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அத்தை சொல்ல மாட்டாங்க டீச்சர். ரேஷன் கடையில கேட்டாக்கூட கார்டைத்தான் நீட்டுவாங்க. மாமா பேரு காளிராஜன். நானே சொல்லிக் குடுக்கிறேன்."

"அப்ப ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் பயிற்சி குடுக்கணும் போல" என்றாள் பர்வீன். சின்னப் பெண், வாய் இருக்கிறது.

பிறகு, தாத்தாவுக்கு நன்றாகக் கைபழகிய வேலை எது என்று கேட்டாள். பழகின வேலையைப் பக்கத்தில் வைத்துச் செய்தால், பொருளையும் வாசனையையும் பார்த்து வார்த்தை வரலாமாம். செல்வி சுக்காவைச் சொன்னாள். பர்வீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதையே பண்ணுவோம். அடுப்புப் பக்கம் நாற்காலி போட்டு உக்கார வைங்க. ஒவ்வொரு சாமானையும் கையில காட்டிக் கேளுங்க. சாப்பிடக் குடுக்காதீங்க, தொண்டை இன்னும் தயாராகலை. பாட்டிம்மா செய்யட்டும்."

"அத்தைக்கு அது வராதே" என்றாள் செல்வி.

வராதாம். பார்க்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

விடிந்ததும் நானே கறிக்கடைக்குப் போனேன். கறிக்கடையில் நான் நின்றது இதுதான் முதல் தடவை. அரைக் கிலோ என்றேன். கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டு, "அண்ணாச்சி எப்படி இருக்காக?" என்றார். இருக்கிறார் என்றேன். "தொடையும் நெஞ்சும் கலந்துதான கேப்பாக, கொழுப்பு ரெண்டு துண்டு சேத்து. துண்டு சுண்டுவிரல் அகலம். அப்படியே போடட்டுமா?" என்று கேட்டார். அப்படித்தான் போடணும், எனக்குத் தெரியாதா என்றேன். தெரியாது.

அவரைச் சுவரோரம் நாற்காலியில் உட்கார வைத்தேன். வெங்காயத்தைக் காட்டி இது என்ன என்றேன். போதும். பூண்டு. போதும். மிளகாய் வற்றலை மூக்குப் பக்கம் கொண்டுபோனேன். தும்மிவிட்டு, போதும்.

எண்ணெய் ஊற்றினேன். போதும் என்றார். "இருங்க, இன்னும் சட்டியே நனையல." வற்றலைக் கிள்ளிப் போட்டேன். வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, பிறகு கறி, மஞ்சள் தூள். கல் உப்பு ஒரு ஸ்பூன் போட்டேன். போதும் என்றார். இன்னொரு அரை ஸ்பூன் போட்டேன். கம்பால் தரையைத் தட்டினார். போதும், போதும். "எதுக்கெடுத்தாலும் போதும்தானா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீர் விட்டு வேகவைத்து வற்றவிட்டேன். அப்போது மூன்று தடவை சொன்னார்.

செல்வி ஒரு கவளம் தின்றுவிட்டு, "நல்லா இருக்கு அத்தை" என்றாள். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தாள்.

ஜூன் 17, திங்கள்

மிச்சக் கறியைக் கழுவிப் புளிக்குழம்பில் போட்டுவிட்டேன். அதில் உப்பே போடவில்லை. சரியாக இருந்தது.

போதும்.

ஜூன் 18, செவ்வாய்

டைரியை பர்வீன் வாங்கிப் படித்தாள். என் எழுத்தைப் பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்கு பாட்டிம்மா" என்றாள். அது எனக்கே தெரியும். படித்துக்கொண்டே வந்தவள் ஞாயிற்றுக்கிழமையில் நின்றுவிட்டாள்.

"உப்பு எவ்வளவு போட்டப்ப தாத்தா போதும்னாரு?"

"ஒரு ஸ்பூன்."

"நீங்க போட்டது?"

"ஒன்றரை."

"கறி எப்படி இருந்துச்சு?"

 செல்வி பால் பாத்திரத்துக்குள் பார்த்தபடி, "உப்புக் கரிச்சது" என்றாள்.

பர்வீன் மெதுவாகத்தான் சொன்னாள். "பாட்டிம்மா, தாத்தா சரியாத்தான் சொல்லியிருக்காரு. நாமதான் கேக்கலை."

டீ ஆறுகிறது, குடி என்றேன்.

ஜூன் 19, புதன்

ஏழு வாரமாகக் கஞ்சி ஊட்டுகிறேன். அவர் போதும் என்பார். அது அவருக்குத் தானாக வருகிற சொல்தானே என்று நான் இன்னும் நாலு வாய் திணிப்பேன். கழுத்தைத் துடைத்துவிடும்போது போதும் என்பார். இன்னும் அழுத்தித் துடைப்பேன்.

இன்று போதும் என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

இன்று சோதித்துவிடுவது என்று இருந்தேன்.

எண்ணெயைக் கரண்டி கரண்டியாக ஊற்றினேன். ஒன்று. ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு. சும்மா இருந்தார். மூன்றாவது கரண்டிக்கு, போதும். நிறுத்திவிட்டேன். வற்றலை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டேன். ஏழு, எட்டு, ஒன்பது. வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, காரம் வாயில் வைக்க முடியாதோ என்று. பதினான்காவது வற்றலுக்கு, போதும். உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டேன். ஒவ்வொரு சிட்டிகைக்கும் அவர் வாயைப் பார்த்தேன். அவர் என் கையைப் பார்த்தார்.

தண்ணீர்ச் செம்பை எடுத்தேன். செம்பு சட்டியின் மேல் வருவதற்கு முன்பே போதும் என்றார். ஒரு சொட்டுக்கூட விடவில்லையே என்றேன். இடது கையைத் தூக்கி, பாத்திர அடுக்கைக் காட்டினார். கரண்டியா? இல்லை. மூடியா? இல்லை. குழித்தட்டை எடுத்ததும் கையைக் கீழே போட்டார். தட்டை வைத்துச் சட்டியை மூடினேன். கண்ணால் செம்பைக் காட்டினார். தட்டின் மேல் ஊற்றினேன். தலையை ஆட்டினார்.

அப்படித்தான் செய்திருக்கிறார் இத்தனை வருஷமும். தண்ணீர் சட்டிக்குள் போவதில்லை. தட்டுக்கு மேலே நிற்கிறது. கீழே ஆவி தட்டில் பட்டுக் கறியிலேயே சொட்டுகிறது. கறி தன் தண்ணீரிலேயே வேகிறது. தட்டுத் தண்ணீர் கொதித்தால் மாற்றி ஊற்ற வேண்டும். மூன்று தடவை மாற்றினேன். அப்புறம் தட்டை எடுத்துவிட்டு, கொழுப்பு உருகி, அடி பிடிக்கப் பிடிக்கச் சுரண்டிச் சுரண்டிக் கிளறினேன். கை விட்டுப்போயிற்று. கடைசியில் மிளகும் சோம்பும் பொடித்துத் தூவினேன். போதும்.

ஒரு துண்டை எடுத்து ஊதி வாயில் போட்டேன். அதே ருசி. நாற்பத்தேழு வருஷம் அவர் முதல் துண்டை என் உள்ளங்கையில் வைத்து, "எப்படி?" என்று கேட்பார். "ம்" என்பேன். அதற்கு மேல் சொன்னால் தலைக்கு ஏறிவிடும் என்று நினைப்பு.

இன்று, "நல்லாருக்கு" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ. நெடி அதிகம், கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

பர்வீன் டைரியைப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

ஜூலை 2, செவ்வாய்

பேத்தி காலேஜ் ஹாஸ்டலிலிருந்து வீடியோவில் வந்தாள். தாத்தா, நான் யார் சொல்லு என்றாள். போதும் என்றார். "நான் போதுமா தாத்தா உனக்கு? அப்ப வேற பேத்தி வேணாமா?" என்று சிரித்தாள். பிறகு கேமராவை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். ஹாஸ்டல் மரத்தைக் காட்டுகிறாளாம். ஐந்து நிமிஷம் மரத்தைப் பார்த்தோம்.

ஜூலை 9, செவ்வாய்

பர்வீன் இன்று காகிதத்தையெல்லாம் எடுத்து வைத்துப் பேசினாள். அவருக்குப் புரிவது நன்றாக இருக்கிறதாம். ஆனால் புது வார்த்தை ஒன்றும் வரவில்லை. ஆகஸ்ட் பதிமூன்று வரைக்கும் பார்க்கலாம். அன்றைக்குப் படப் பலகை ஒன்று கொண்டுவருவாளாம். அதில் சோறு, தண்ணீர், கழிப்பறை, வலி, மகன், மருமகள் என்று படம் ஒட்டியிருக்கும். வேண்டியதைத் தொட்டுக் காட்டலாம்.

"இவரு படத்தத் தொட்டுச் சோறு கேக்கணுமா?" என்றேன். "வேணாம். இந்த வீட்டுல யாரும் அவரைக் கேக்க வைக்கல."

"அது அவமானம் இல்ல பாட்டிம்மா. அவர் மனசுல இருக்கிறதச் சொல்ல ஒரு வழி. பலகை வந்தா பேச்சு வராமப் போயிடாது."

"வந்துரும்னு எழுதிக் குடுப்பியா?"

அவள் எழுதிக் கொடுக்கவில்லை. செல்வி என்னைப் பார்த்து, அத்தை, டீச்சர் மேல ஏன் கோவப்படுறீங்க என்றாள். கோபம் இல்லை. அந்தப் பலகையில் என்னை வைவதற்குப் படம் இருக்குமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சோறும் தண்ணீரும் அவர் கேட்காமலே நான் கொடுப்பேன். அதற்கு எதற்குப் பலகை?

ஜூலை 10, புதன்

போதும்.

இன்னும் முப்பத்துநாலு நாள்.

ஜூலை 14, ஞாயிறு

ஐந்தாவது தடவையாகச் சுக்கா. கறிக்கடைக்காரர் இப்போது என்னைக் கண்டதும், "அக்கா வந்துட்டாக, நெஞ்சை எடு" என்கிறார். வற்றல் பதினாலு, உப்பு ஏழு சிட்டிகை என்று கை பழகிவிட்டது. பழகிவிட்டதால் அவர் இன்று ஒரு தடவைகூடப் போதும் சொல்ல வேண்டி வரவில்லை. கிளறி முடிக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

கறி அருமை என்றாள் செல்வி. எனக்கு இறங்கவில்லை. அடுத்த வாரம் வேண்டுமென்றே ஒரு சிட்டிகை கூடப் போட வேண்டும்.

ஜூலை 21, ஞாயிறு

போட்டேன். உடனே போதும் என்றார். அதட்டலாகத்தான். காது குளிர்ந்தது.

ஜூலை 23, செவ்வாய்

மசித்த வாழைப்பழம், குழைந்த சோறு, ஊறின இட்லி என்று கொடுத்துப் பார்த்து, கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள் பர்வீன். தொண்டை தேறிவிட்டதாம். கறியும் கொடுக்கலாம், நன்றாக வெந்தது, நாராகப் பிய்த்து, ஒவ்வொரு வாயாக. சேதி கேட்டதும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, உட்காருங்கள் என்றேன்.

ஜூலை 28, ஞாயிறு

இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன். டீச்சர் கேட்பாள்.

சோறு குழைத்து, கறியைப் பிய்த்து, முதல் வாய் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அந்த முகம் வந்தது. இரண்டாவது வாய். மூன்றாவது வாயில் கறி அடைத்துக்கொண்டது. இருமக்கூட முடியவில்லை. முகம் கறுத்துவிட்டது. செல்வி ஓடிவந்து அவரை முன்னால் சாய்த்து முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினாள். வேகாத நார் ஒன்று வெளியே வந்து விழுந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான்.

மூச்சு வந்ததும் அவர் வாயைத் திறந்தார், இன்னொரு வாய்க்கு. நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். போகும்போது பின்னால் கம்பு தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆட்டின் மேல் பிழையில்லை. நான்தான் அவசரப்பட்டு இறக்கிவிட்டேன்.

ஜூலை 30, செவ்வாய்

பர்வீன் சொன்னது: கறி பூ மாதிரி வேக வேண்டும். இரண்டு விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். மசிந்தால் கொடுக்கலாம். இல்லையென்றால் வேண்டவே வேண்டாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. கறி கிடையாது. இதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வைக்குப் பலகையில் படம் கிடையாது.

போதும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பர்வீன் இன்று பலகைக்குப் படம் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். செல்வி உட்கார்ந்து சொன்னாள். சட்டி படம் ஒன்று ஒட்டட்டுமா என்று பர்வீன் என்னிடம் கேட்டாள். உன் இஷ்டம் என்றேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

போதும். மூன்று தடவைதான். நாளுக்கு நாள் குறைகிறது. அதையும் சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். நினைத்ததை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் அவருக்குக் கால் வீங்கியிருந்தது. நாற்காலியில் தொங்கப்போட வேண்டாம் என்று முன்னறைக் கட்டிலில் காலை நீட்டி உட்கார வைத்தேன். அங்கிருந்து அடுப்படி தெரியாது. சுவர் மறைக்கும். செல்வி பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முறைப்படி செய்தேன். எண்ணெய் மூன்று கரண்டி, வற்றல் பதினாலு. தட்டின் மேல் தண்ணீர். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஐந்து தடவை தட்டுத் தண்ணீரை மாற்றிவிட்டேன். ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினேன். மசியவில்லை. இன்னும் கால் மணி நேரம் விட்டேன். சட்டியில் தண்ணீர் வற்றி, கறி எண்ணெயில் சடசடக்க ஆரம்பித்துவிட்டது. மறுபடி நசுக்கினேன். ரப்பர் மாதிரி விரலைத் தள்ளியது. இன்றைக்கு வந்தது முற்றின ஆடு.

இதைக் கொடுத்தால் போன தடவை மாதிரி ஆகும். கொடுக்காவிட்டால் இரண்டு வாரமாகக் காத்திருக்கிற மனிதருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

முன்னறையை எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். பக்கத்து அடுப்பில் டம்ளரில் தண்ணீர் சுடவைத்தேன். அரை டம்ளர். சட்டியின் ஓரமாகச் சாய்த்து, சத்தம் வராமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டேன். சொய்ங் என்றது. அவ்வளவுதான், சடசடப்பு நின்றுபோயிற்று.

முன்னறையில் கம்பு தரையில் இடித்தது.

"தண்ணி."

நான் அப்படியே நின்றேன். செல்வி இல்லை, டிவி இல்லை. அவர் குரல்தான். கொஞ்சம் கரகரப்பு.  தண்ணீர் கேட்கிறார், வாயைத் திறந்து தண்ணீர் கேட்கிறார் என்று பானையில் ஒரு டம்ளர் மொண்டுகொண்டு ஓடினேன். பாதி வழியிலேயே சிந்திவிட்டது.

"இந்தாங்க, தண்ணி. தண்ணின்னு சொன்னீங்கல்ல? குடிங்க."

டம்ளரைப் புறங்கையால் தள்ளிவிட்டார். மிச்சமும் என் புடவையில் கொட்டியது. கம்பைத் தூக்கி அடுப்படிப் பக்கம் நீட்டினார். முகம் சிவந்திருந்தது. உதடு இரண்டு மூன்று தடவை கோணிக் கோணி நேரானது.

"ஊத்திட்ட."

"என்னத்த?"

"தண்ணி. ஊத்திட்ட."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவர் தாகத்துக்குக் கேட்கவில்லை. என் மேல் குற்றம் சாட்டுகிறார்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கறி வேகவில்லை, உங்களுக்காகத்தான் ஊற்றினேன் என்று சொல்லலாம். சொன்னால் விஷயம் முடிந்துவிடும். அவர் தலையைத் திருப்பிக்கொண்டு போதும் என்பார்.

"நான் ஊத்தலையே" என்றேன்.

"ஊத்திட்ட."

"தட்டு மேலதான ஊத்தினேன்."

"இல்ல." மூச்சு வாங்கினார். "உள்ள. உள்ள ஊத்திட்ட."

செல்வி சோப்பு நுரைக் கையோடு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அத்தை, மாமா..." என்றாள். 

"என்ன மாமா? உங்க மாமா என் மேல பழி போடுறாரு. நீயே கேளு. நான் சட்டிக்குள்ள தண்ணி ஊத்துனேனாம்."

"பொய்" என்றார் அவர்.

"யாரு பொய்? நான் பொய் சொல்றேனா? எத்தனை வருஷமா பாக்குறீங்க, நான் பொய் சொல்லி?"

"பொய். ஊத்திட்ட." கம்பால் இரண்டு தட்டு.

செல்வி சட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். பி.காம். படித்த பெண், சட்டென்று புரிந்துகொண்டாள். "தண்ணியே இல்லையே மாமா, வறண்டு கிடக்கே" என்றாள். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த வீட்டில் நியாயம் கிடைக்காது என்று தெரிந்துபோன முகம்.

கறி அரை மணி நேரத்தில் வெந்தது. விரலில் வைத்து நசுக்கினேன், வெண்ணெய் மாதிரி மசிந்தது. மிளகும் சோம்பும் தூவி எடுத்துக்கொண்டு போனேன். முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தார். ருசி குறைவுதான், எனக்கும் தெரியும். மென்றுகொண்டே என்னை முறைத்தார். ஒன்பது வாய் சாப்பிட்டார். புரையேறவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் நடுவில், "நான் ஊத்தலைங்க" என்று சொல்லிப் பார்த்தேன். அத்தனை தடவையும் பதில் வந்தது.

சாயங்காலம் செல்வி கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள். "அப்பா" என்றான் மகன். "அவ ஊத்திட்டா" என்றார் இவர். 

பர்வீன், செவ்வாய்க்கிழமை நீ இதைப் படிப்பாய். இன்று சொன்ன வார்த்தைகள்: தண்ணி. ஊத்திட்ட. இல்ல. உள்ள. பொய். அவ. பலகையையும் கொண்டுவா, இருக்கட்டும், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். தண்ணீர் ஊற்றியது உண்மைதான். அரை டம்ளர். அவரிடம் சொல்லிவிடாதே. நாளைக்கும் கேட்பார். நாளைக்கும் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.